தனியாக இரண்டு நிமிடம்

வனஜா ஓட்டும் ஸ்கூல் வேனில் பதினோரு பிள்ளைகள். பொம்மனஹள்ளியில் கடைசியாக ஏறுகிறவன் தேஜஸ், ஒன்றாம் வகுப்பு. அன்றைக்கு நேரமாகிவிட்டதென்று வீட்டில் ஒரு டம்ளர் பாலை அவசரமாகக் குடிக்க வைத்து அனுப்பியிருந்தார்கள். பேகூர் ரோட்டில் ஒரு குழியில் வேன் இறங்கி ஏறியதும் அவ்வளவும் வெளியே வந்துவிட்டது.

வனஜா வண்டியை ஓரம் கட்டினாள். பிள்ளையின் வாயைக் கழுவிவிட்டு, சட்டையை ஈரத்துணியால் துடைத்து, ஜன்னலோரம் உட்கார வைத்தாள். சானிடைசர் பாட்டிலை எடுத்து சீட்டின் மேல் பாதியைக் கவிழ்த்துத் தேய்த்தாள். மீதியைத் தன் கைகளில் முழங்கை வரை பூசிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது ஆன்ட்டி" என்று பின் சீட்டிலிருந்து சுப்ரியா மூக்கைப் பொத்திக்கொண்டாள். மற்றப் பிள்ளைகளும் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தேஜஸும் சிரித்தான்.

அடுத்த சிக்னலுக்கு முன்னால் போலீஸ் தடுப்பு வைத்திருந்தது. அந்த வாரம் முழுக்கக் காலையில் ஸ்கூல் வண்டி ஓட்டுகிறவர்களை நிறுத்தி ஊதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வனஜாவுக்கு அதில் வருத்தம் இல்லை. ராத்திரி குடித்த குடி இறங்காமல் ஸ்டியரிங் பிடிக்கிற இரண்டு பேரை அவளுக்கே தெரியும். முந்தின நாள்கூட "நல்லா பிடிக்கட்டும்" என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

பெண் எஸ்.ஐ. ஒருவர் ஜன்னலருகே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். கையில் இருந்த கருவியில் புதுக் குழாயைச் செருகி வனஜாவின் வாயருகே நீட்டினார்.

"ஊதுங்க. நிறுத்தாம ஊதணும்."

வனஜா ஊதினாள். கருவி பாதியில் பீப் என்று கத்தி நின்றுவிட்டது.

"இன்னொரு தடவ. நீளமா."

மறுபடி ஊதினாள். மறுபடியும் பாதியில் நின்றது. மூன்றாவது தடவையில் இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, குழாயை எடுத்துவிட்டாள்.

"ஏம்மா, ஏமாத்தறீங்களா?"

"இல்ல மேடம். எனக்கு டிபி வந்து லங்ஸ் வீக்காயிடுச்சு. இவ்ளோதான் மூச்சு வரும்."

எஸ்.ஐ. தலையை உள்ளே நீட்டி முகர்ந்து பார்த்தார். "இது என்ன வாசனை?"

"சானிடைசர் மேடம். புள்ள வாந்தி எடுத்துச்சு, தொடச்சேன்."

எஸ்.ஐ. பிள்ளைகளைப் பார்த்தார், தேஜஸின் ஈரச் சட்டையைப் பார்த்தார். நம்பத்தான் விரும்பினார் என்று வனஜாவுக்குத் தோன்றியது. ஆனாலும் சாவியை எடுக்கச் சொல்லிக் கை நீட்டினார்.

"நீங்க குடிச்சீங்கன்னு நான் சொல்லல. ஆனா ஊதலைன்னா பிளட் எடுக்கணும். வாசனையும் இருக்கு. குழந்தைங்க வண்டி இது. நான் விட்டுட்டு, அந்தத் திருப்பத்துல ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

வனஜாவால் அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. அவளும் பெண் பிள்ளையை வேனில் ஏற்றி அனுப்பியவள்தான்.

பின்னால் வந்த இன்னொரு வேனில் பிள்ளைகளை மாற்றினார்கள். ஒவ்வொரு பையாக வனஜாதான் எடுத்துக் கொடுத்தாள். "நீங்க வரலையா ஆன்ட்டி?" என்று தேஜஸ் கேட்டான். "சாயங்காலம் வருவேன்" என்றாள். அவள் ஜீப்பில் ஏறியதை அந்த வேனின் பின்கண்ணாடி வழியாகப் பதினோரு பேரும் பார்த்தார்கள்.

ஜீப்பில் இருந்தபடியே தேஜஸின் அப்பாவுக்குப் போன் செய்தாள். கஸ்தூரிரங்கன் வக்கீல். மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருந்துவிட்டு இந்தப் பக்கம் ஃபிளாட் வாங்கி வந்த குடும்பம். மரியாதையாகப் பேசுகிறவர்.

"பதறாதீங்கோ வனஜாம்மா" என்றார். "ரத்தம் கேக்க அவாளுக்கு அதிகாரம் இருக்கு."

"வேணாம்னு சொல்ல முடியாதா சார்?"

"சொல்லலாம். சொன்னா, குடிச்சதாலதான் மறுத்தேள்னு அதையே உங்களுக்கு எதிரா வெச்சுப்பா. நியாயமான காரணம் இருந்தா வேற விஷயம். அப்படி ஏதாவது இருக்கா?"

பக்கத்தில் எஸ்.ஐ. உட்கார்ந்திருந்தார். முன் சீட்டில் ஒரு பெண் கான்ஸ்டபிள். வனஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இல்ல சார்."

"அப்பறம் என்ன? மறைக்க ஒண்ணும் இல்லாதவாளுக்கு எதுக்குப் பயம். குடுத்துட்டு வந்துடுங்கோ."

வனஜாவுக்கு மறைக்க ஒன்று இருந்தது. அது சாராயம் இல்லை.

பத்து வருடங்களுக்கு முன் அவளுடைய கணவன் அர்ஜுனன் ஜுரத்தில் படுத்து நாற்பது நாளில் போய்ச் சேர்ந்தான். பிறகு அவளுக்கு டிபி வந்தது. டிபிக்குப் போன இடத்தில் ரத்தம் பார்த்து, ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்றார்கள். அர்ஜுனனுக்கு அது இரண்டு வருடம் முன்பே தெரிந்திருந்தது. பீரோவில் துணிக்கு அடியில் அவனுடைய பரிசோதனைச் சீட்டு இருந்தது, தேதியோடு. ஒரு வார்த்தை அவளிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் ஒரு வேளை மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை. கிருமி இப்போது ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிவிட்டது, யாருக்கும் தொற்றாது என்று மாத்திரை கொடுக்கிற இடத்தின் கவுன்சலர் சொல்லியிருந்தாள். மாத்திரை டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கிழித்துவிட்டுத்தான் வனஜா அதை வீட்டுக்குள் கொண்டுவருவாள். மகள் வைஷ்ணவிக்கு அது லங்ஸ் மாத்திரை. உலகத்துக்கு அதுவும் கிடையாது.

அரசு ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சிக்குப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்கள். டியூட்டி டாக்டரம்மா ஃபாரத்தில் இரண்டு வரி எழுதினார். வெளியே விபத்துக் கேஸ் ஒன்று வந்துவிட, நர்ஸிடம் எடுக்கச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். நர்ஸ் பெயர் மமதா என்று சட்டையில் குத்தியிருந்தது. இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. கழுத்தில் புதுத் தாலி.

"இதுல கையெழுத்து போடுங்க அக்கா" என்று ஒரு காகிதத்தை நீட்டினாள். கன்னடம். 'சம்மதிக்கிறேன்' என்ற சொல்லை மட்டும் வனஜா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"போடலைன்னா?"

"போடலைன்னாலும் எடுப்பாங்க. போட மாட்டேன்னு சொன்னாங்கன்னு எழுதிப்போம்."

"இதுல என்னென்ன டெஸ்ட் பண்ணுவாங்க சிஸ்டர்?"

"ஆல்கஹால்."

"வேற எதுவும் பாப்பாங்களா?"

மமதா நிமிர்ந்து பார்த்தாள். போனைப் பார்த்துக்கொண்டிருந்த எஸ்.ஐ.யும் நிமிர்ந்தார்.

"வேற எதுவும்னா?"

"சும்மா கேட்டேன்."

கேட்டிருக்கக் கூடாது என்று அப்போதே தெரிந்தது. எஸ்.ஐ. போனைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"மேடம், என்னை நடக்கச் சொல்லிப் பாருங்க. ஒத்தக் கால்ல நிக்கறேன். என் டிபி சீட்டு வீட்டுல இருக்கு, பொண்ண எடுத்துட்டு வரச் சொல்றேன். ஒரு மணி நேரம் குடுங்க."

"நேரம் போனா ஆல்கஹால் இறங்கிடும்மா. அதுக்குத்தான் எல்லாரும் நேரம் கேப்பாங்க."

"ரத்தம் மட்டும் வேணாம் மேடம்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

வனஜா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். எஸ்.ஐ. தலையசைக்க, கான்ஸ்டபிள் வந்து அவளுடைய தோளையும் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். முரட்டுத்தனமாக இல்லை. ஊசிக்குப் பயப்படுகிற பிள்ளையைப் பிடிப்பது போலத்தான் பிடித்தாள். ஆனால் எடுக்க முடியாதபடி பிடித்தாள். மமதா ரப்பர் பட்டையைக் கட்டினாள், நரம்பைத் தட்டினாள், குத்தினாள். சிரிஞ்சில் ரத்தம் ஏறுவதை வனஜா பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்து வருடமாக அவள் காத்து வைத்திருந்தது அந்தக் குழாயில் ஐந்து மில்லியாக நின்றது.

ஊசியை உருவும் நேரத்தில் கை உதறியது. அவள் உதறவில்லை. அது தானாக உதறியது. மமதா "ஸ்ஸ்" என்று தன் இடது கையை இழுத்துக்கொண்டாள். கையுறையின் ஆள்காட்டி விரலில், உள்பக்கமாக, ஒரு சிவப்புப் புள்ளி.

"குத்திடுச்சா?" என்றார் எஸ்.ஐ.

"ஒண்ணும் இல்ல மேடம். நடக்கறதுதான்." மமதா ரத்தத்தைக் குப்பியில் மாற்றி மூடிவிட்டு, கையுறையைக் கழற்றி, மூலையில் இருந்த குழாயடிக்குப் போனாள். சோப்பைப் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள். எஸ்.ஐ. குப்பியில் ஒட்டுவதற்கு லேபிள் எழுத உட்கார்ந்தார். விஷயம் அவ்வளவில் முடிந்துவிட்டது போல இருந்தது.

வனஜா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் முடிந்தும் இருக்கும். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்று வரும், அவள் திரும்பிப் போய் வண்டியை எடுப்பாள். அவளிடமிருந்து தொற்றாது என்று கவுன்சலரே சொல்லியிருக்கிறாள். ஆனால் அதே கவுன்சலர்தான், அவளுக்குப் போட்ட ஊசி வேறு யாருக்காவது குத்திவிட்டால் மட்டும் சொல்லிவிட வேண்டும், குத்துப்பட்டவருக்கு உடனே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் நல்லது என்றும் சொன்னாள். மமதாவின் முதுகு தெரிந்தது. குனிந்து கழுவும்போது தாலி முன்னால் வந்து ஆடியது. தெரிந்தும் சொல்லாமல் இருந்த ஒருவனோடு வனஜா இரண்டு வருடம் ஒரே பாயில் படுத்திருக்கிறாள்.

"மேடம், நான் சிஸ்டர்கிட்ட தனியா ரெண்டு நிமிஷம் பேசணும்."

"இங்கயே பேசுங்க."

"தனியா மேடம். பொம்பளைங்க விஷயம்."

"நானும் பொம்பளைதானேம்மா. கஸ்டடியில இருக்கறவங்கள சாம்பிள் பக்கத்துல தனியா விட்டா, நாளைக்கு மாத்திட்டாங்கன்னு என்னைத்தான் கேப்பாங்க."

"சாம்பிள நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க. கதவுக்கு வெளிய நின்னு பாருங்க."

"கதவ மூட முடியாதும்மா. ரூல் அது."

வனஜா எழுந்து குழாயடிக்குப் போனாள். கான்ஸ்டபிள் மணிக்கட்டை விடாமல் கூடவே வந்தாள். வனஜா மமதாவின் காதருகே தமிழில், மெதுவாகச் சொன்னாள். தண்ணீர் சத்தத்தில் மமதாவுக்குக் கேட்கவில்லை. "ஏனு?" என்று கன்னடத்தில் திரும்பக் கேட்டாள். வனஜா மறுபடியும் நோயின் பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைத்துச் சொன்னாள். மமதாவுக்குத் தெரிந்த தமிழுக்கு அது எட்டவில்லை.

"எனக்கு ஹெச்.ஐ.வி. இருக்கு சிஸ்டர்" என்றாள் வனஜா, எல்லோருக்கும் கேட்கிற குரலில்.

மணிக்கட்டைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. கான்ஸ்டபிள் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டாள். எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்தினார். தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. மமதா குழாயை மூடவில்லை, விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கேட்டாள். "மாத்திரை சாப்பிடறீங்களா?"

"பத்து வருஷமா. ஒரு நாள் விட்டதில்ல."

டாக்டரம்மா ஓடி வந்தார். வனஜாவிடம் நாலைந்து கேள்வி கேட்டார், மமதாவைக் கூட்டிப்போய் மாத்திரை போட வைத்தார். திரும்பி வந்து மேஜையில் இருந்த ஃபாரத்தை எடுத்து, மேல் ஓரத்தில் சிவப்பு மையில் ஹெச்.ஐ.வி. என்று எழுதினார்.

"டாக்டர், அத இதுல எழுதணுமா? இது போலீஸ் ஃபாரமாச்சே" என்றாள் வனஜா.

"சாம்பிளைத் தொடறவங்களுக்குத் தெரிய வேண்டாமா? இப்பதானே ஒருத்தருக்குக் குத்திச்சு." கோபமாகச் சொல்லவில்லை. வாசலில் ஸ்ட்ரெச்சர் சத்தம் கேட்டது, போய்விட்டார்.

மத்தியானம் ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜாமீனில் விட்டார்கள். வேனையும் லைசென்ஸையும் வைத்துக்கொண்டார்கள். வெளியே வரும்போது அவளுக்குத் தண்ணீர் தாகமாக இருந்தது. மேஜை மேல் ஜக்கும் டம்ளரும் இருந்தன. கேட்காமலே வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வைஷ்ணவி காலேஜிலிருந்து வந்ததும் உட்கார வைத்துச் சொன்னாள். மற்றவர்கள் வாயிலிருந்து கேட்கக் கூடாது என்று நினைத்தாள். பத்தொன்பது வயதுப் பெண், அழாமல் கேட்டாள்.

"எனக்கு?"

"உனக்கு இல்லம்மா. ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு."

"எப்போ?"

"உனக்கு ஒம்போது வயசு."

"சளிக்குன்னு சொல்லி ஊசி போட்டியே, அதுவா?"

வனஜா தலையை ஆட்டினாள். வைஷ்ணவி தன் முழங்கை மடிப்பைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். "என்கிட்ட சொல்லாமயே எடுத்திருக்க" என்றாள். எழுந்து போய்ச் சோற்றை வடித்தாள். அம்மாவுக்கும் சேர்த்து ஒரே தட்டில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு வனஜா அழுதது அப்போதுதான்.

மூன்றாம் நாள் ஸ்கூலில் வண்டிகளைக் கவனிக்கிற வெங்கடசாமி கூப்பிட்டார். பிடிபட்ட டிரைவர்களின் பேப்பர்களைப் போலீஸ் அந்தந்த ஸ்கூலுக்கு அனுப்புகிறார்களாம். இவளுடையதும் மெயிலில் வந்திருக்கிறது.

"அந்த ஆஸ்பத்திரி ஃபாரமும் சேந்து வந்துடுச்சு அக்கா" என்றார். "மேல சிவப்புல எழுதியிருக்கு."

"யாரெல்லாம் பாத்தாங்க?"

"ஆபீஸ்ல நாலு பேர். பிரின்சிபால். அப்பறம் யார் யாருக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியல. என் மனசுல ஒண்ணும் இல்ல அக்கா. நீங்க ஆறு வருஷமா ஓட்டறீங்க. ஆனா பேரன்ட்ஸுன்னு ஒண்ணு இருக்கே."

ராத்திரிக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர்கூடச் சண்டை போடவில்லை. ஒருவர் வேறு ஊருக்கு மாற்றல் என்றார், ஒருவர் கார் வாங்கிவிட்டோம் என்றார். சுப்ரியாவின் அம்மா மட்டும் உள்ளதைச் சொன்னாள். "குடிச்ச விஷயமா இருந்தாக்கூட ரிப்போர்ட் வரட்டும்னு பாத்திருப்போம்ங்க. இது வேற. தப்பா எடுத்துக்காதீங்க." இந்த நோய் சீட்டில் உட்கார்ந்தால் ஒட்டாது, தொட்டால் ஒட்டாது என்று சொல்ல வனஜா வாயெடுத்தாள். "தெரியும், படிச்சிருக்கோம்" என்றாள் சுப்ரியாவின் அம்மா, இன்னும் மெதுவான குரலில்.

ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரிரங்கன் வீட்டுக்கே வந்தார். நாற்காலியைப் போட்டும் உட்காராமல் நின்றார்.

"நான் அன்னிக்குப் போன்ல அப்படிக் கேட்டிருக்கப்படாது. எனக்குத் தெரியல."

"உங்களுக்கு எப்படித் தெரியும் சார்."

"இதை வெளிய விட்டது குத்தம். ஒருத்தருக்கு இது இருக்குன்னு சொல்லப்படாதுன்னு தனிச் சட்டமே இருக்கு. கேஸ் போடலாம். நான் போடறேன். கோர்ட்ல உங்க பேர் வராம மறைக்கச் சொல்லியும் கேக்கலாம்."

"இனிமே யார்கிட்ட சார் மறைக்கறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"தேஜஸ் இனிமே..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் சார்."

"எனக்கு ஒண்ணும் இல்ல. ஆத்துல கேக்க மாட்டேங்கறா."

கேஸ் போட முடிவு செய்தால் போன் செய்யச் சொல்லிவிட்டுப் போனார். வனஜா இரண்டு தடவை போனை எடுத்தாள். கோர்ட்டில் டாக்டரையும் எஸ்.ஐ.யையும் மமதாவையும் கூப்பிடுவார்கள், எல்லோர் முன்னாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். வைத்துவிட்டாள்.

ரிப்போர்ட் வர ஆறு வாரம் ஆனது. ரத்தத்தில் ஆல்கஹால் துளியும் இல்லை. ஸ்டேஷனுக்குப் போனபோது அதே எஸ்.ஐ. எழுந்து நின்று லைசென்ஸையும் சாவியையும் கொடுத்தார். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார்.

"நான்தான் சொன்னேனே. கேஸ் க்ளோஸ். உங்க மேல ஒரு கறை இல்ல."

"மேடம், அந்த ஃபாரத்துல மேல எழுதினத அழிக்க முடியுமா?"

"ரெக்கார்டும்மா. அழிக்க எனக்குப் பவர் இல்ல."

"ஸ்கூலுக்குப் போனது?"

எஸ்.ஐ. மேஜையைப் பார்த்தார். "அது ஆபீஸ் செக்ஷன்ல மொத்தமா ஸ்கேன் பண்ணி அனுப்பினது. பிரிச்சுப் பாத்திருக்க மாட்டாங்க. நான் அனுப்பல." பிறகு ரெஜிஸ்டரைத் திருப்பி வைத்தார். "பெற்றுக்கொண்டேன்னு இங்க ஒரு சைன்."

வனஜா கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது அதை எங்கே வைப்பதென்று எஸ்.ஐ. ஒரு கணம் தடுமாறியது தெரிந்தது. தெரியாதது போல வணக்கம் சொல்லிவிட்டு வந்தாள்.

வேனின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஹோசூர் ரோட்டில் ஒரு நர்சரிக்குச் செடியும் மண் மூட்டையும் ஏற்றப் போனாள். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. எவ்வளவு நாள் தெரியாமல் இருக்கும் என்று கணக்குப் போடுவதை அவளால் நிறுத்த முடியவில்லை. மேனேஜரோ வேறு யாராவதோ போனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு மாலை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நர்சரி வாசலில் வண்டியில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் மமதா. ஆஸ்பத்திரி."

"சொல்லுங்க சிஸ்டர்."

"கடைசி டெஸ்ட் வந்துடுச்சு. நெகட்டிவ்."

வனஜா கண்ணை மூடிக்கொண்டாள். "நல்லது சிஸ்டர். நல்லது."

"அந்த மாத்திரை ஒரு மாசம் சாப்பிட்டேன் அக்கா. வாந்தியும் மயக்கமுமா இருந்துச்சு." மமதா குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சொல்லாம போயிருக்கலாம். நான் நெனச்சுப் பாத்தேன்."

வனஜா ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தாள்.

"வேலை எப்படிப் போகுது அக்கா?"

"போகுது."

"ஒரு விஷயம். எனக்கு ஊசி குத்தினது எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. அவருக்கும் சொல்லல. தெரிஞ்சா என் மாமியார்..." பாதியில் நிறுத்தினாள். "நீங்க யார்கிட்டயும் சொல்லிட மாட்டீங்களே?"

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா சிஸ்டர்."

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது வைஷ்ணவி கேட்டாள். "சாயங்காலம் போன் பிஸியாவே இருந்துச்சே, யாரும்மா?"

"ராங் நம்பர்" என்றாள் வனஜா.